சோப்பு மேடம்

மேடம் நேராகக் குளியலறைக்குள் போய்விட்டார். வீட்டுக்காரர் வாசலில் நின்று "வாங்க, உக்காருங்க" என்று சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து சோப்புப் பெட்டி திறக்கும் சத்தம். சோப்பைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் மேலே ஒரு தேய்ப்பு, திருப்பிப் போட்டு அடியில் ஒரு தேய்ப்பு. மேலே மட்டும் ஈரமாக இருந்தால், யாரோ காலையில் அவசர அவசரமாகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடியும் குழைந்திருந்தால் அந்த வீட்டில் மனிதர்கள் குளிக்கிறார்கள். கையைக் கழுவித் தன் கைக்குட்டையிலேயே துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "வாசனை நல்லாருக்கே, என்ன சோப்பு?" என்றார். வீட்டுக்காரருக்குச் சிரிப்பதா முழிப்பதா என்று தெரியவில்லை.

சொந்த வீட்டில் சொந்தக்காரரே குடியிருந்தால் எங்கள் ஊரில் சொத்து வரியில் பாதி தள்ளுபடி. வயதானவர் என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். இப்படி ஒரு சலுகை இருந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒரே ஆள் மூன்று வீட்டில் குடியிருப்பதாக எழுதிக் கொடுப்பார். கடல் தாண்டிப் போய்விட்ட மகன் இன்னும் மாடி அறையில்தான் தூங்குகிறான் என்பார். எழுதிக் கொடுத்தது நிஜமா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது மேடத்தின் வேலை. வரி அலுவலகத்தில் அவருக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. ஊருக்கு அவர் சோப்பு மேடம். அது அவருக்கும் தெரியும். "சோப்பு போடற மேடம்னு சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பார்.

வரி என்ற சொல்லே எனக்கு ஆகாது. வரி அலுவலகத்திலிருந்து வருகிறவர்களை நல்ல முகத்தோடு வரவேற்க எனக்குத் தெரியாது. மேடம் என் வீட்டுக்கு வந்த அன்றும் உர்ரென்றுதான் நின்றேன். "ரொம்பப் புழுக்கமா இருக்கு, அந்த ஃபேனைப் போடுங்களேன்" என்றார். இதென்ன அதிகாரம் என்று நினைத்துக்கொண்டே பலகையில் ஒரு சுவிட்சைத் தட்டினேன். வாசல் விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தட்டினேன். எதுவும் நடக்கவில்லை. மேடத்தின் புருவம் மேலே போனது. அப்போது சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, கையில் இருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், பலகையைப் பார்க்காமலேயே முழங்கையால் ஒரு இடி இடித்தாள். ஃபேன் சுற்றியது. "அம்மா இங்க இருக்காங்க, அது சரி. சார் எப்பவாவது வந்து போவாரா?" என்று மேடம் கேட்டார். என் மனைவி அதற்குச் சிரித்த சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை. எனக்கும் கோபம் போய்விட்டது. இந்த அம்மாளோடு ஒருநாள் சுற்ற வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்து, அவரிடம் கேட்டேன். "வாங்க, ஆனா வாயைத் தொறக்கக் கூடாது" என்றார். திறக்கவில்லை, கூடியவரை.

ஃபேன் சுவிட்சும் சோப்பும் போக, அவரிடம் இன்னும் சில வித்தைகள் உண்டு. ஒரு தெருவில், "இது என் வீடுதான், தினம் இங்கதான் படுக்கறேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் ஒருவர். பக்கத்து வீட்டு நாய் அவரைப் பார்த்து விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. "என்னையப் பார்த்துக் குரைச்சா சரி. உங்களைப் பார்த்து எதுக்குங்க குரைக்குது?" என்று மேடம் கேட்டார். அவர் நாயைத் திட்டினார். நாய் இன்னும் சத்தமாகக் குரைத்தது. அந்த விண்ணப்பம் அங்கேயே முடிந்தது.

ஆள் குள்ளம். நடை மட்டும் ஓட்டம். ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் கழற்றி மாட்டுவது என்று, குனியாமல் கழற்றுகிற செருப்பாகப் பார்த்து வாங்குவார். தோளில் ஒரு பை. அதற்குள் குடை, தண்ணீர் பாட்டில், எழுதுகிற அட்டை, சோற்று டப்பா. உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காதாம். "எங்க வீட்டுக்கு வந்தா கையைப் பைக்குள்ளயே வச்சுக்கோடி" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு வீடுகளை அளந்து பார்த்த மேடத்துக்குச் சொந்த வீடு கிடையாது. பள்ளி வேன் ஓட்டும் கணவரோடும் கல்லூரிக்குப் போகும் மகளோடும் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார். "சொத்தும் இல்ல, வரியும் இல்ல, நிம்மதியாத் தூங்கறோம்" என்பார்.

அவர் ஆட்களைப் பிடிப்பதிலேயே குறியாக இருப்பவர் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கூடச் சுற்றிய பிறகுதான் வேறு முகம் தெரிந்தது. ஒரு வீட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்ததும், "இவருக்காக வாசல்ல சரிவு கட்டியிருக்கீங்களே, அந்த இடத்துக்கு வரி கிடையாது. எழுதிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். அவன் அப்பாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்னொரு வீட்டில் சுவர் முழுக்க விரிசல். "இந்த வீட்டுக்குப் புது வீட்டு மதிப்புப் போட்டு வச்சிருக்காங்க. நீங்களும் கட்டிட்டே வந்திருக்கீங்க. மறு மதிப்பீடு கேளுங்க. கேட்டா குழு வந்து பார்க்கும். கேக்கலேன்னா எங்க ஆபீஸ்ல ஒரு ஈ காக்காகூட உங்களைத் தேடி வராது" என்றார். வேலை போய்விட்டவரிடம், "கட்ட முடியலேன்னா கட்ட முடியலேன்னு வந்து சொல்லுங்க, தவணை போட்டுத் தருவாங்க. பயந்துட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா அபராதம்தான் வரும்" என்றார். இதெல்லாம் அவர் வேலையில் சேர்ந்ததல்ல. மேலதிகாரிக்கு இது பிடிக்கவும் பிடிக்காது. சலுகை வாங்குகிற ஆளைக் குறைக்க அனுப்பினால் கூட்டிவிட்டு வருகிறாளே என்று எரிச்சல்.

தப்பே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. ஒரு நர்ஸ் வீட்டைப் பார்த்துவிட்டு "யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். சோப்பு காய்ந்து கிடந்தது, அடுப்பில் ஒரு கறை இல்லை, படுக்கையில் ஒரு சுருக்கம் இல்லை. நர்ஸ் அம்மாள் குளிப்பது, சாப்பிடுவது எல்லாமே ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு வருவது தூங்க மட்டும். எழுந்ததும் படுக்கையை ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இழுத்துச் செருகிவிட்டுப் போய்விடுவார். மேல்முறையீட்டு விசாரணையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "தப்பு என்னோடது. சோப்பை நம்பிட்டேன்" என்று மேடம் சொன்னாராம். அதற்குப் பிறகு சோப்போடு நிறுத்துவதில்லை. சந்தேகம் வந்தால் உட்கார்ந்துவிடுவார். வீடே பேசும் என்பது அவர் நம்பிக்கை.

நான் கூடப் போன அன்று கடைசி வீடு லிஃப்ட்காரருடையது. ஊரில் உள்ள பழைய கட்டிடங்களின் லிஃப்ட் எல்லாம் அவர் கை பட்டவைதான். இப்போது ஓய்வு. வீடு அவர் மனைவியின் பெயரில் இருந்தது. அந்த அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். அவர் சம்பளத்தில், அவர் வாங்கிய கடனில் கட்டிய வீடு. ஆகவே தள்ளுபடி கிடைக்க வேண்டுமென்றால் அங்கே குடியிருக்க வேண்டியது அந்த அம்மாள். லிஃப்ட்காரர் குடியிருந்தால் போதாது.

கதவைத் திறந்தவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். "வாங்கம்மா, வாங்க சார்" என்று பலமாக வரவேற்றார். மேடம் கேட்பதற்கு முன்னாலேயே, "அவ கடைக்குப் போயிருக்கா. வர நேரமாகும்" என்றார். மேடம் குளியலறைக்குப் போனார். சோப்பு அடி வரைக்கும் குழைந்திருந்தது. பிரஷ் இரண்டு, இரண்டும் ஈரம். கழுவிக் கவிழ்த்த டீ கப் இரண்டு. கட்டிலில் தலையணை இரண்டு, இரண்டிலும் தலை வைத்த பள்ளம். கொடியில் ஒரு புடவை சொட்டிக்கொண்டிருந்தது. அலமாரியில் பெண்கள் வாருகிற ஒரு சீப்பு. அதை மேடம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு முடி இல்லை. பல்லெல்லாம் பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தது.

மேடம் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். லிஃப்ட்காரருக்குத் தெரியாது. உற்சாகமாகப் பேசினார். மனைவிக்குக் கால் வலி என்றார், ஆனால் ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்றார், காய்கறிக்காரரிடம் பேரம் பேசாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது என்றார். பேசிக்கொண்டே மேஜை மேல் இருந்த செய்தித்தாளைச் சரிசெய்தார். அதன்மேல் ஒரு மூக்குக்கண்ணாடி விரித்து வைத்திருந்தது. தடித்த கண்ணாடி, பெண்கள் போடுகிற சட்டம். வாசலுக்கு உட்புறம் ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு. அடிப்பக்கம்கூடத் துடைத்து, சுவரை ஒட்டி வரிசையாக வைத்திருந்தது.

எனக்குக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடக்கிக்கொண்டேன்.

"அய்யா" என்றார் மேடம், மெதுவாக. "அம்மாவோட செருப்பு இங்க இருக்கே."

அவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு ஜோடி வச்சிருக்கா."

"கண்ணாடி?"

மனைவி அந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்று காட்ட, அவளுடையது என்று இருந்த ஒவ்வொன்றையும் தேடி எடுத்துத் துடைத்துப் பார்வையில் வைத்திருக்கிறார் மனிதர். வெளியே போகிறவளுக்கு அதில் எதையாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று தோன்றவில்லை. லிஃப்டில் ஒரு நட்டு தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர். பொய்யில் பழக்கம் இல்லை, பாவம்.

அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. அந்த அம்மாளுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்து, கடைசியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. லிஃப்ட்காரருடைய பென்ஷன் முழுவதும் அங்கே போகிறது. மனைவியின் பென்ஷனில் சாப்பாடும் மருந்தும். வரி இரண்டு மடங்கானால் எங்கே போவது? "ஓனர் இங்க இல்லேன்னு தெரிஞ்சா தள்ளுபடியை எடுத்துருவீங்க. அப்புறம் இதை வித்துதான் ஆகணும். இது அவ வீடும்மா. நான் எப்படி விக்கறது?" என்றார்.

"அட, அய்யா. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் மேடம். "ஆஸ்பத்திரியிலயோ இல்லத்துலயோ இருந்தா, ஓனர் வீட்ல இருக்கற மாதிரிதான் எங்களுக்குக் கணக்கு. வாடகைக்கு விடக் கூடாது. திரும்பி வர்ற எண்ணம் இருக்கணும். அவ்வளவுதான்."

எதைச் சொன்னால் வீடு போய்விடும் என்று மனிதர் ஒளித்து வைத்தாரோ, அதைச் சொல்லியிருந்தாலே வீடு நின்றிருக்கும். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மேடம் அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "அம்மாவுக்குத் திரும்பி வர்ற எண்ணம் இருக்குல்ல?"

லிஃப்ட்காரர் கையை விரித்தார். "இல்லம்மா. அவ வரமாட்டா. டாக்டர் சொல்லிட்டார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து புடவையை நனைத்து, தலையணையைக் குத்தி, பொய் மேல் பொய்யாக அடுக்கிய ஆள், உண்மையைச் சொல்லித் தொலைக்க இந்த நேரத்தையா பிடித்தார்? தலையை ஆட்டினால் போதுமே. "அவர் சொன்னதை விடுங்க மேடம்" என்று நான் வாயைத் திறந்தேவிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் மேடம். பிறகு அவரிடம் திரும்பினார். "வரமுடியுமான்னு இதுல கேக்கல அய்யா. எண்ணம் இருக்கான்னுதான் கேக்குது. அதுவும் ஓனரோட எண்ணம். நீங்க ஓனர் இல்ல, டாக்டரும் ஓனர் இல்ல. நான் அவங்களைத்தான் கேக்கணும். எங்க இருக்காங்க?"

"சில நாள் வாயே தொறக்க மாட்டாம்மா. சில நாள் என்னையே யாருன்னு கேப்பா."

"தெரியாதுன்னு சொன்னா தெரியாதுன்னு எழுதறேன். வரமாட்டேன்னு சொன்னா வரமாட்டேன்னு எழுதறேன். நடக்கற தூரமா?"

நடக்கிற தூரம்தான். மூன்று பேரும் கிளம்பினோம். மேடம் ஒரு பொய்யும் எழுத மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த வீடு இப்போது, எதை எப்போது பேசுவார் என்று சொல்ல முடியாத ஒரு பெண்ணின் வாயில் இருந்தது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

இல்லத்தில் நீளமான கூடம். ஜன்னல் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது ஒரு டீவி. டெலிபோன்காரம்மாள் மெலிந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தில் எதுவும் மாறவில்லை. லிஃப்ட்காரர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். மேடம் நின்றபடியே, தன் பெயரையும் அலுவலகத்தையும் முறையாகச் சொன்னார்.

"உங்க வீட்டைப் பார்த்துட்டு வரேம்மா. உங்க பேர்ல இருக்கற வீடு."

அந்த அம்மாள் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போகணும்னு உங்களுக்கு எண்ணம் இருக்காம்மா?"

அந்த அம்மாள் ஒரு கையை உயர்த்தினார். "லைன்ல இருங்க" என்றார். குரல் தெளிவாக, எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவது போலவே இருந்தது. எவ்வளவு நேரம் லைனில் இருந்தோம் என்று தெரியாது. பிறகு அவரே கேட்டார். "எந்த வீடு?"

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் சொல்ல ஆரம்பித்தார். பச்சைக் கதவு, கீழே ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் உரிஞ்சிருக்கு. உள்ள வந்ததும் இடது பக்கம் புத்தக அலமாரி, நடுத்தட்டு கொஞ்சம் வளைஞ்சிருக்கு. சமையலறை ஜன்னல்ல மேல்கொக்கிதான் விழும், கீழ்க்கொக்கி விழாது. கொடி ரொம்ப உயரத்துல கட்டியிருக்கு, எனக்கு எட்டாது. குளியலறைக் கதவைத் தூக்கி இழுத்தாதான் சாத்தும். ஏதோ ஆபீசில் அறிக்கை கொடுப்பதுபோல, அறை அறையாக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். இவ்வளவையும் எப்போது பார்த்தார் என்று நான் வியந்தேன்.

"கீழ்க்கொக்கிய அவர் சரி பண்றேன்னு சொன்னார்" என்றார் டெலிபோன்காரம்மாள். "இன்னும் பண்ணலையா?"

"இன்னும் பண்ணலம்மா."

"ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் சரி பண்ணுவார். வீட்டுக் கொக்கி மட்டும் முடியாது. நான் போய்ப் பார்த்துக்கறேன்." எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். "இருட்டறதுக்குள்ள போகணும். கதவைப் பூட்டிட்டுத்தானே வந்தீங்க?"

"பூட்டிட்டேன்" என்றார் லிஃப்ட்காரர்.

அந்த அம்மாள் அவரை நம்பவில்லை. கையை நீட்டினார். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் இறுக மூடிக்கொண்டன. அதன் பிறகு அந்த அம்மாளின் தோள் தளர்ந்தது, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மேடம் அட்டையை முன்கையில் வைத்து எழுதினார். எண்ணம் உண்டு. உரிமையாளரே நேரில் சொன்னார். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டு லிஃப்ட்காரரிடம், "தள்ளுபடி தொடரும் அய்யா. அடுத்த வருஷம் திரும்பக் கேக்கணும். நான் வரேன்" என்றார். அவர் கும்பிட்டார். எழுந்து வழியனுப்ப வரவில்லை.

"வாங்களேன் சார், உங்களை வீட்ல விட்டுட்டுப் போறோம்" என்றேன் நான்.

"நீங்க போங்க. அவ தூங்கினாத்தான் கை விடும். அப்புறம்தான் சாவி எடுத்துக்கிட்டுப் போவேன். தினம் இப்படித்தான்" என்றார்.

நான் வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மேடம் தோளிலிருந்து பையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, சத்தம் எழாமல் அந்தப் பெஞ்சில் லிஃப்ட்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.